திங்கட்கிழமைக் கிளிப்புகள்

தூத்துக்குடி
ஆகஸ்ட் 4, திங்கள்

அன்புள்ள அக்கா ஞானதீபத்துக்கு,

இயேசுவின் நாமத்தில் தம்பி நேசக்குமாரின் வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம் என்று ஒரு வரி போட்டுவிட்டால் மீதிப் பக்கத்தை எழுத வேண்டிய தேவையே இருக்காது. அதனால் அந்த வரியை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

உன் ஜூன் மாதக் கடிதம் வந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் சிக்னல் கிடையாது, சந்தைக்கு இறங்கும் நாளில்தான் போன் பேச முடியும், அதனால் கடிதமே எழுது என்று கேட்டிருந்தாய். எனக்கும் அதுதான் நல்லது. இந்த வீட்டில் யாருக்குப் போன் வந்தாலும் மாமா ஸ்பீக்கரில் போடச் சொல்வார். குடும்பத்துக்குள் என்ன ஒளிவுமறைவு என்பார். ஒடிசா மலையிலிருந்து நீ அம்மாவைப் பற்றி அழுதுகொண்டே கேட்டதை அன்று மாமாவும் கேட்டார், சமையல்காரம்மாவும் கேட்டாள், தண்ணீர் கேன் போட வந்தவரும் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

இதைப் பெரியாஸ்பத்திரியில், அம்மாவுக்கு பிசியோ கொடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். திங்கட்கிழமை தோறும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. என் வாரத்தில் மாமா பக்கத்தில் இல்லாத நேரம் இந்த மூன்று மணி நேரம்தான். மற்றபடி என் கட்டிலிலிருந்து என் ஆபீஸ் மேசை வரை நாற்பது அடி. வீடும் கம்பெனியும் ஒரே காம்பவுண்டுக்குள். கேட் சாவி மாமாவிடம். வீட்டோடு மாப்பிள்ளை என்று நம் ஊர் நாசரேத்தில் யாரையாவது கேலி பண்ணினால் நான்தான் முதலில் சிரிப்பேன், நினைவிருக்கிறதா? நன்றாகச் சிரித்துவைத்தேன்.

அம்மாவுக்கு வலது கை இன்னும் எழும்பவில்லை. பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. ஒரு நாளைக்கு நாலைந்து வார்த்தை வருகிறது, அதுவும் அவளுக்கு இஷ்டமிருந்தால். ஜாஸ்லின் மருமகள் என்றில்லாமல் மகளாகவே குளிப்பாட்டித் தலை பின்னிவிடுகிறாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பக்கவாதம் வந்து அம்மா விழுந்த அன்று மாமாதான் காரை எடுத்துக்கொண்டு நாசரேத்துக்கு வந்து, தன் கையாலேயே தூக்கிவந்து படுக்கவைத்தார். வாடகை வீட்டைக் காலி பண்ணிவிட்டோம். இனி நமக்கு அங்கே கதவு என்று ஒன்று கிடையாது. இவ்வளவு செய்தவரிடம் நான் எதைப் பேசினாலும் நன்றிகெட்டவன் ஆகிவிடுவேன். அக்கா, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மூச்சு முட்டுகிறது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். பல் கிளிப் செய்கிறோம். கம்பி இல்லாத, கண்ணாடி போன்ற கிளிப். டாக்டர்கள் பல்லின் அளவை அனுப்புவார்கள். அதை அச்சாக எடுத்து, அதன்மேல் முக்கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி இழுத்துப் படியவைத்து, ஓரத்தை வெட்டினால் கிளிப். அது பல்லை இரண்டு வாரத்தில் கால் மில்லிமீட்டர் தள்ள வேண்டும். பிறகு அடுத்த கிளிப். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அந்த ஷீட் தள்ளிக்கொண்டே இருக்காது. வளைத்துப் பிடித்தால் முதல் நாளிலேயே அதன் விசை பாதி தளர்ந்துவிடும். அந்தத் தளர்ச்சி எவ்வளவு, எத்தனை தடவை மாட்டிக் கழற்றினால் உடையும் என்று அளந்து பார்ப்பதுதான் என் வேலை. அளந்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போடுவேன்.

இந்த பிளாஸ்டிக்குக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும். ஈரத்தோடு சூடாக்கினால் உள்ளுக்குள் அறுந்துபோகும். அதிகம் குடித்திருந்தால் குமிழி வரும், கண்டுபிடித்துவிடலாம். கொஞ்சமாகக் குடித்திருந்தால் வெளியே பளபளவென்று இருக்கும், வலு மட்டும் போயிருக்கும். நம் ஊர்க் காற்றைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஷெட் வேறு பழைய உப்புக் குடோன், சுவரே வியர்க்கும். அதனால் ஷீட்டுகளை எட்டு மணி நேரம் ஓவனில் உலர்த்திவிட்டு, சூடு ஆறுவதற்குள் எடுத்து அச்சின்மேல் அடிக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மாமா ஷெட்டுக்கு வருவார். எல்லோரையும் நிற்கவைத்து ஜெபம் பண்ணுவார். பிறகு மெயின் ஸ்விட்சைத் தன் கையால் இறக்குவார். ஓய்வுநாளில் தன் காம்பவுண்டில் ஒரு மோட்டார்கூட ஓடக்கூடாது என்பது அவர் கடவுளிடம் செய்த பொருத்தனை. வேலைக்காரர்கள் எல்லோருக்கும் அதனால் அவர்மேல் மரியாதை, எனக்கும்தான். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்விட்சை ஏற்றுவார்கள். ஓவனுக்குள் சனிக்கிழமை உலர்த்திய ஷீட்டுகள் இருக்கும். அட்டையில் “எட்டு மணி நேரம் உலர்த்தியது” என்று எழுதியிருக்கும். ஓவனை மறுபடி ஓட்டாமல் அப்படியே எடுத்து அடிக்க ஆரம்பிப்பார்கள்.

புரிகிறதா அக்கா? எனக்கு ஆறு மாதமாகப் புரியவில்லை. உடைந்து திரும்பிவந்த கிளிப்புகள் ஒன்பது என் மேசை இழுப்பறையில் கிடந்தன. முந்தாநாள் அவற்றை வரிசையாக வைத்து அவற்றில் பதித்திருந்த எண்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கடைசி இலக்கம் செய்த கிழமையைக் குறிக்கும். ஒன்பதும் ஒன்றில் முடிந்தன. ஒன்று என்றால் திங்கள். ஸ்விட்ச் இறங்கிக் கிடந்த முப்பத்தேழு மணி நேரத்தில், ஆறிப்போன ஓவனுக்குள் அந்த ஷீட்டுகள் மறுபடி ஈரத்தைக் குடித்திருக்கின்றன.

திங்கட்கிழமைச் சாம்பிளை நான் ஏன் சோதிக்கவில்லை என்று நீ கேட்பாய். திங்கட்கிழமை காலையில் நான் இந்த பெஞ்சில் இருக்கிறேன். புதன்கிழமைச் சாம்பிளைச் சோதித்துவிட்டு வாரம் முழுக்கச் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அம்மாவை வெளியே கூட்டிவருகிறார்கள். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்காக ஜெபித்துக்கொள்.

உன் தம்பி,
நேசக்குமார்


தூத்துக்குடி
ஆகஸ்ட் 11, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

சமாதானம் உண்டாவதாக. போன கடிதம் உன் கைக்கு வருவதற்குள் இதை எழுதுகிறேன். உன் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை.

போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி நான் சாப்பிட்டுக்கூட முடிக்கவில்லை, விளாத்திகுளத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பானுப்ரியா என்று பெயர். அங்கே ஒரு ஸ்கூலில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவளுடைய டாக்டர் சனிக்கிழமை மட்டும்தான் வருவாராம், அந்த வாரம் வரவில்லையாம். பெட்டியிலிருந்த முகவரியைப் பார்த்து இரண்டு பஸ் மாறி நேராக எங்களிடமே வந்துவிட்டாள். கைக்குட்டையை விரித்தாள். கிளிப் கடைவாய்ப் பக்கம் இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த முனை நாக்கைக் கிழித்து மூன்று நாள் சரியாகப் பாடம் நடத்த முடியவில்லை என்று சொன்னாள். சொல்லும்போதே வலித்தது தெரிந்தது.

மாமா அவளை உட்காரவைத்துக் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தார். பிறகு, “கிளிப்போட சூடா ஏதாச்சும் குடிச்சியாம்மா?” என்று கேட்டார். அவள் ரொம்ப நேரம் யோசித்து, ஒரு நாள் கழற்ற மறந்து கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டதாகச் சொன்னாள். அதுதான் காரணம் என்று மாமா முடித்துவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினார். அந்தப் பெண் எழுந்து நின்று, “மன்னிச்சிருங்க சார், இனிமே குடிக்க மாட்டேன்” என்றாள். எழுந்து நின்று, அக்கா.

உடனே ஒரு புதுக் கிளிப் செய்து கொடுக்கும்படி மாமா என்னிடம் சொன்னார். அவளுடைய அச்சு ஷெல்ஃபில் இருந்தது. ஓவனில் ஷீட் இருந்தது. எந்த ஷீட் என்று எனக்குத் தெரியும். வேறு ஷீட் உலர்த்த எட்டு மணி நேரம் ஆகும், அவளுக்கு நாலரை மணி பஸ். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கையாலேயே அடித்து, ஓரம் வெட்டி, கடைசி இலக்கம் ஒன்று என்று பதித்துக் கொடுத்தேன். மாமா ஒரு பொட்டலம் மக்ரூனும் கொடுத்து அனுப்பினார். அவள் எனக்கும் ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் என்ன மனிதன் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் சோதனைதான். திங்கட்கிழமை ஷீட்டில் கொஞ்சம், புதன்கிழமை ஷீட்டில் கொஞ்சம் பட்டை பட்டையாக வெட்டி, வாய்ச் சூட்டுத் தண்ணீரில் வளைத்துப் போட்டேன். ஒரு நாள் கழிந்து பார்த்தால் புதன்கிழமைப் பட்டையில் பாதி விசை மிச்சம். திங்கட்கிழமைப் பட்டையில் கால்பங்குகூட இல்லை. அதாவது அந்தக் கிளிப்பை மாட்டினவர்களுக்குப் பல் நகரவே நகராது, சும்மா கடித்துக்கொண்டு திரிவார்கள். பிறகு கையாலேயே மடக்கி மடக்கிப் பார்த்தேன். புதன்கிழமைப் பட்டை இருநூற்று நாற்பது தடவையிலும் உடையவில்லை, எனக்குத்தான் விரல் வீங்கியது. திங்கட்கிழமைப் பட்டைகள் முப்பத்தெட்டு, இருபத்தொன்பது, நாற்பத்துநாலு. சாப்பிடவும் பல் தேய்க்கவும் ஒரு ஆள் நாளைக்கு நாலு தடவை கழற்றினால், பதினாலு நாளில் ஐம்பத்தாறு.

ஜாஸ்லினிடம் முதலில் சொன்னேன். அவள்தான் வெட்டும் பிரிவைப் பார்க்கிறாள், விவரம் தெரிந்தவள். பட்டைகளைக் கையில் வாங்கி ஒடித்துப் பார்த்தாள். பிறகு, “அப்பாட்ட ஸ்விட்ச்ச பத்தி மட்டும் பேசாதீங்க, தாங்க மாட்டாவ” என்றாள். நான் பேசினேன்.

மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தாளை இரண்டு தடவை படித்தார். “ஓய்வுநாள கனம்பண்ணுனதுக்கா மாப்ள இது?” என்று கேட்டார். நான், ஓய்வுநாளில் தப்பில்லை, மறுபடி உலர்த்தாமல் அடித்ததில்தான் தப்பு, அதை நான் கவனிக்காததும் தப்பு என்றேன். தாளை இன்னொரு தடவை படித்துவிட்டுச் சம்மதித்தார். இனிமேல் திங்கட்கிழமை பகல் முழுக்க ஓவன் மட்டும் ஓடும், சாயங்காலத்துக்கு மேல்தான் அடிப்பு. அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அப்படியானால் ஏற்கெனவே போனவற்றைத் திரும்ப வாங்குவோமா என்று கேட்டேன். மாமா தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். “முடிஞ்சத கிண்டாதிய மாப்ள. ஒடஞ்சி வந்தா புதுசு குடுத்துருவோம்” என்றார். மேலும், வரும் சனிக்கிழமை பெரிய டென்டல் கம்பெனி ஒன்றுக்குத் தரச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஆறு மாதமாக ஒவ்வொரு நாள் உற்பத்தியும் சோதிக்கப்பட்டது என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டியது நான். படித்தவன் கையெழுத்துதான் செல்லும்.

இந்த வீட்டில் சண்டை எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாது. ஏழரை மணிக் குடும்ப ஜெபத்தில் நடக்கும். எல்லோரும் கண்ணை மூடியிருக்க வேண்டும், குறுக்கே பேசக்கூடாது. மாமா தினமும், “கர்த்தாவே, எங்க மாப்பிள்ளைக்கு அமைதலான இருதயத்தத் தாரும், சின்னக் காரியத்தப் பெருசாக்காத மனசத் தாரும், அவுக தாயார இந்த வீட்டுல கொண்டுவந்து வச்ச உமது கிருபைய அவுக மறக்காதபடி செய்யும்” என்று ஜெபிக்கிறார். கடைசியில் எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். நானும் சொல்கிறேன். என் வாயாலேயே என்னைப் பூட்டிவைத்த மாதிரி இருக்கிறது.

நாலு பக்கம் எழுதியும் அம்மாவைப் பற்றி எழுதவில்லை. சாப்பாடு இறங்குகிறது. உன் போட்டோவை இடது கையால் துடைக்கிறாள்.

உன் தம்பி,
நேசக்குமார்


தூத்துக்குடி
ஆகஸ்ட் 18, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகத்துக்காக நாங்கள் இருவரும் வேண்டிக்கொள்கிறோம். நாங்கள் என்று அம்மாவையும் என்னையும்தான் சொல்கிறேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் விளாத்திகுளம் போனேன். சரியாக உலர்த்திய ஷீட்டில் செய்த கிளிப்பை எடுத்துக்கொண்டு, ஸ்கூல் விடும் நேரத்துக்கு வாசலில் நின்றேன். பானுப்ரியாவிடம் பழையதைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னேன். காப்பி காரணமில்லை, ஷீட்டில் கோளாறு, போன தடவை கொடுத்ததும் அதே கோளாறு, எனக்கு அப்போதே தெரியும் என்று சொன்னேன். 

அவள் மன்னித்துவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்திருக்கிறது. “அன்னைக்கே தெரியும்னா அன்னைக்கே சொல்லதுக்கு என்ன சார்?” என்று கேட்டாள். காப்பி குடித்ததை டாக்டரிடம் சொல்லிவிட்டாளாம், அவர் இவளைத்தான் பொறுப்பில்லாதவள் என்று ஏசினாராம். “வாயால சொன்னா போதாது. எழுதிக் குடுங்க” என்றாள். பிள்ளைகளின் கட்டுரை நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தந்தாள். காம்பவுண்டுச் சுவரில் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதத்தில் நான் போட்ட கையெழுத்துகளில் அது ஒன்றுதான் உண்மையானது. அதைக் கொடுத்தபிறகு, அவளுக்கு மட்டும் எழுதிவிட்டு மற்றவர்களுக்கு எப்படி எழுதாமல் இருப்பது? பஸ்ஸில் திரும்பும்போது வேறு எதையும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை குடும்ப ஜெபத்தில் மாமா எனக்காக ஜெபித்து முடித்தார். வழக்கமாக அத்தோடு ஆமென். நான் கண்ணைத் திறக்காமல், நானும் ஜெபிக்கிறேன் என்றேன். யாரும் தடுக்க முடியாதே. ஆண்டவரே, திங்கட்கிழமைகளில் செய்த ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கிளிப்புகள் ஜனங்களின் வாய்க்குப் போயிருக்கின்றன என்று ஆரம்பித்தேன். சோதிக்காமல் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டது நான், தெரிந்தே ஒரு பெண்ணுக்குக் கெட்டதைக் கொடுத்தது நான், நாளைக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன், எல்லா டாக்டர்களுக்கும் எண்களோடு எழுதப்போகிறேன், இந்த வீட்டாரை நான் நேசிக்கிறேன், அவர்கள் தலைகுனியப் போவது எனக்குத் தெரியும் என்று சொல்லி முடித்தேன். மாமா ஆமென் சொல்லவில்லை. ஜாஸ்லினும் இல்லை. அப்போது கட்டிலிலிருந்து அம்மா “ஆமென்” என்றாள். அந்த வார்த்தை இத்தனை மாதத்தில் அவளுக்கு வந்ததேயில்லை. கோணலாகத்தான் வந்தது, ஆனால் கேட் வரைக்கும் கேட்டிருக்கும்.

சனிக்கிழமை மாமா சான்றிதழை என் மேசையில் வைத்தார், பக்கத்தில் பேனாவையும் வைத்தார். நான் தொடவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை, அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. “வெளிய போங்கன்னு நான் சொல்லமாட்டேன் மாப்ள. ஆனா நீங்க எழுதிட்டியன்னா ஒரே மேசையில ஒக்காந்து நான் எப்படிச் சோறு திம்பேன்?” என்று கேட்டார். பிறகு ஆறு மணிக்குப் போய் ஸ்விட்சை இறக்கினார். ஜெபம் பண்ணவில்லை, தலையைக் குனிந்து நின்றுவிட்டு வந்தார். அவரை வெறுக்க முடிந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருக்கும்.

நேற்று கோயில் முடிந்து வந்து ஜாஸ்லின் என்னிடம் நாலு தாள் கொடுத்தாள். நாற்பத்துமூன்று டாக்டர்களின் விலாசம், யாருக்கு எந்தெந்தத் திங்கட்கிழமை எண்கள் போயின என்ற விவரம், எல்லாம் அவளே எடுத்தது. நான் கேட்கவேயில்லை. அம்மாவும் நானும் இந்த வீட்டை விட்டுப் போனால் எங்களோடு வருவாயா என்று கேட்டேன். அவளும் அழுதாள். “எழுதிப் போட்டுருங்க. நான் அப்பாவ இப்படி விட்டுட்டு வரமாட்டேன்” என்றாள். இன்று காலையிலும் அம்மாவுக்கு அவள்தான் தலை பின்னிவிட்டாள். எப்போதையும்விட இறுக்கிப் பின்னியிருக்கிறாள்.

நாற்பத்துமூன்று கவர்களும் இப்போது என் மடியில் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்கு எதிரேயே தபால் பெட்டி. உனக்கு எழுதி முடித்ததும் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுவிடுவேன். வேறு கம்பெனியில் என்னை யார் எடுப்பார்கள் என்று தெரியவில்லை. சோதிக்காமல் கையெழுத்துப் போட்டவன் என்று நானே நாற்பத்துமூன்று பேருக்கு எழுதியிருக்கிறேனே.

காலையில் ஆட்டோவில் வரும்போது அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். “போவோம்ல” என்றாள். எங்கே போவது என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். ஆட்டோ நாலாம் ரயில்வே கேட் தாண்டும்வரை முயற்சி பண்ணி உன் பெயரைச் சொன்னாள்.

உன் ஊழியத்தை விட்டுவிட்டு வா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை, இப்போதும் கேட்க மாட்டேன். கர்த்தர் உன்னையும் உன் நோயாளிகளையும் காக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும் தெரிய வேண்டும், அடுத்த சந்தை நாள் வரை காத்திராமல் எழுது. சந்தையிலிருந்து உன் ஆஸ்பத்திரிக்கு ஏறும் பாதையில் ஜீப் வருமா, இல்லை, ஆளைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டுமா? தூக்குவதானாலும் பரவாயில்லை. இப்போதுதான் எடை பார்த்தார்கள். அம்மா நாற்பத்தோரு கிலோதான் இருக்கிறாள்.

உன் அன்புத் தம்பி,
நேசக்குமார்